கை நனைக்காத ஏழு நாள்

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16, புதன்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிடம். தூறல். குடையை விரித்தால் சிரிப்பார்கள், விரிக்காவிட்டால் சளி பிடிக்கும், அப்படி ஒரு தூறல். சேலத்திலிருந்து வந்த பேருந்து கள்ளக்குறிச்சி நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது: அப்பா, நான், ஒரு துணிப்பை. எனக்குப் பதின்மூன்று வயது. நிமிடம் வரைக்கும் எப்படி ஞாபகம் என்று கேட்காதீர்கள். அந்த வருடம்தான் எனக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்றுவரை போகவில்லை.

போன மாதம் அதே ஊருக்குப் போய் வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பயணம் போகும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஏழு வகை மாத்திரை, இரண்டு புட்டி வெந்நீர், எந்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கும் என்ற கவலை. எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது. மனைவி கிழவன் என்கிறாள், நான் மறுப்பதில்லை. அப்பாவுக்கு அந்தப் புதன்கிழமை நாற்பத்தொன்று. இன்றைய என்னைவிடப் பத்து வயது சின்னவர். இப்போதெல்லாம் அவரை நினைத்தால் ஒரு தம்பியை நினைப்பது போலத்தான் இருக்கிறது.

ஊர் மாவட்டத் தலைநகராகிவிட்டது. மூன்று கடைகளில் இடியாப்பம் தின்று பார்த்தேன். முதல் கடையில் இழை தடிமன். இரண்டாவதில் பாயா தண்ணீர். மூன்றாவது நன்றாகவே இருந்தது. ஆனால் அதைத் தின்னும்போதுதான் அந்த ஏழு நாள் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியைப் போல ஒரு ஊர் உலகத்தில் கிடையாது. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். தனிக்கட்டை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எந்தச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். காலையில் மசூதிக்குப் பக்கத்துப் பாய் கடையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பதினொரு மணிக்குக் கம்பங்கூழ், மோர் மிளகாயோடு. நாலு மணிக்கு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, மேலே மிளகாய்ப்பொடி. பெண் எடுத்ததும் அதே ஊரில்தான். சேலத்துக்கு மாற்றலான பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பட்டியலை வரிசை மாறாமல் தின்றுவிட்டு வந்தால்தான் அவருக்கு அந்த வருடம் முடியும்.

அந்தத் தடவையும் சேலத்தில் அவர் சொன்னது அவ்வளவுதான். "கள்ளக்குறிச்சி போலாமாடா? நல்லா நாலு நாள் சாப்ட்டு வரலாம்." சாலை மறியல் அறிவித்திருக்கிறார்களே என்று பக்கத்து வீட்டுக்காரர் எச்சரித்தார். "ஒரு நாள் அமளி சார், மறுநாள் சரியாயிடும்" என்றார் அப்பா. எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குக் கடிதம் எழுதினார்.

உண்மையில் நாங்கள் போனது அம்மாவைக் கூப்பிட்டு வர. அம்மா அங்கே மாமா வீட்டில், அதாவது அவளுடைய அண்ணன் வீட்டில், இருபத்து நான்கு நாளாக இருந்தாள்.

நடந்தது இதுதான். ஆவணி முதல் ஞாயிறு, மாமா மகளுக்குக் காதுகுத்து. அம்மாவும் நானும் முன்பே போய்விட்டோம். அப்பா அலுவலகப் பயிற்சிக்காக இரண்டரை மாதம் சென்னையில் இருந்தவர், அங்கிருந்து நேராக விழாவுக்கு வந்தார். பந்தியில் முதல் வரிசை, கூடத்தில் இரண்டாவது தூணுக்குக் கீழே அவர் இலை. ஆட்டுக்கறி பரிமாறினார்கள். நாலு வாய்கூட ஆகியிருக்காது. அப்பா திடீரென்று கைக்குட்டையால் வாயைப் பொத்தினார், எழுந்தார். "இன்னா மாப்ள, உப்பு ஜாஸ்தியா?" என்று மாமா ஓடி வந்து கேட்டார். அப்பா பதிலே சொல்லாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு, கழுவிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டார். இலையில் கறி அப்படியே கிடந்தது. நூற்றிருபது பேர் பார்த்தார்கள். பந்திக்கு அறுபது வீதம் இரண்டு பந்தி.

பெண் கொடுத்த வீட்டு விருந்தில் இலையை விட்டு எழுந்து போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சேலம் போனார். அம்மா வரவில்லை. "எங்க அண்ணன் மூஞ்சில காறித் துப்பினா மாதிரி எழுந்து போனவரு, வந்து கை நனைச்சிட்டு கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டாள். மனஸ்தாபம் தீராத வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் உண்டுவிட்டால் மனஸ்தாபம் தீர்ந்தது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட சட்டம் அது.

சேலத்தில் அந்த இருபத்து நான்கு நாளும் வீட்டில் பேச்சே இல்லை. நான் சாப்பிட்டு முடித்த பிறகு அப்பா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். தினம் மாலை வாங்கி வரும் மொறுமொறு பலகாரம், தட்டுவடை செட், அதையும் நிறுத்திவிட்டார். கோபம் என்றே நினைத்தேன்.

தூறலில் நடந்து பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். பிறகு மாமா வீட்டுத் தெரு. அப்பா தெருமுனையில் சோடாக் கடை ஓரமாக நின்றுகொண்டு என்னை மட்டும் அனுப்பினார். "அம்மாவ வராங்களான்னு கேளு."

அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"உங்கப்பா எங்க?"

"சோடாக் கடையாண்ட நிக்கிறாரு."

"அங்கியே நிக்கட்டும்." இரண்டு கீரைத் தண்டைக் கிள்ளினாள். "சாப்ட்டாரா?"

மாமா ஈரத் துண்டோடு உள்ளேயிருந்து வந்தார். ஆறடி ஆள், குரலுக்கு மட்டும் தனியாக இரண்டடி. "வந்து, எழுந்து போன அதே எடத்துல குந்தி, கறியும் சோறுமா ஒரு கட்டு கட்டிட்டு, 'வாம்மா போலாம்'னு கூப்பிட்டா அடுத்த நிமிசம் அனுப்பி வைக்கிறேன். ரோட்ல நின்னுக்கினு சம்மன் அனுப்புறாரே, இது இன்னா கோர்ட்டா?"

திரும்பிப் போய் வார்த்தை பிசகாமல் சொன்னேன். அப்பா "கறியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பாய் கடைக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஊருக்குள் பேருந்துச் சத்தமே இல்லை. அந்தப் பக்கத்துச் சமூகம் ஒன்று படிப்பிலும் வேலையிலும் தனி இட ஒதுக்கீடு கேட்டு நடத்திய ஒரு வாரச் சாலை மறியல். அப்பாவும் நானும் ஊர் எல்லை வரை நடந்து போய்ப் பார்த்தோம். சாலையோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. கண்ணுக்கு எட்டியவரை பதினான்கு மரம் என்றேன். பன்னிரண்டு என்றார் அப்பா. இரண்டு மரம் கவையாகப் பிரிந்தவை, நான் தனித்தனியாக எண்ணிவிட்டேன். பச்சைப் புளியங்காய் தார்ச் சாலையில் நசுங்கிக் காற்றே புளித்தது.

ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் அப்பாவைக் கூப்பிட்டார். "எங்க போவணும் சார்?"

அப்பா கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டு "சேலம்" என்றார்.

"கோவிச்சிக்காதீங்க. எம் பையன் பன்னெண்டாவது படிச்சிட்டு மாடு ஓட்டிக்கினு கெடக்குறான். மரத்த வெட்டனா பாவந்தான், தெரியும். வேற எப்டி சொன்னா காதுல வுழும், நீங்களே சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். எனக்கு அந்தப் புளியமரங்கள் மேல் இரக்கம். அந்த ஆள் மேலும் இரக்கம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் என்ன என்று இன்றுவரை தெரியவில்லை. கிழக்கே சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதாகப் பிறகு கடைகளில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

எங்களுக்கு வந்தது சின்னக் கஷ்டம்தான். கடைத்தெருவில் புதன்கிழமை ஒன்பது சாப்பாட்டுக் கடைகள். வெள்ளிக்கிழமை காய்கறி நின்றது, ஆறு. சனிக்கிழமை பால் நின்றது, நாலு. ஞாயிறு இரண்டு. மாமா வீட்டில் எனக்கு மட்டும் தினமும் சாப்பாடு உண்டு. கை நனைக்காத சட்டம் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆனாலும் நான் அப்பாவோடு ஒரு வேளையாவது உட்காருவேன். எந்தக் கடையிலும் அவர் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். என்னை எதிரே உட்காரவிடாமல் பக்கத்தில் உட்கார வைத்தார். இடியாப்பத்தைப் பாயாவில் ஊறவைத்து, கூழாக்கி, தலையைக் குனிந்துகொண்டே உண்பார்.

கடைக்காரப் பாய்க்கு அப்பாவைத் தனிக்கட்டைக் காலத்திலிருந்தே தெரியும். "இன்னா சார், இந்த வாட்டி எலும்பையே தொட மாட்டேன்றீங்க? வயசு ஆயிடிச்சா?" என்றார் முதல் நாள். அப்பா அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து பாய் கேட்கவில்லை. எங்கள் தட்டுக்கு மட்டும் அடிச்சட்டியிலிருந்து நன்றாகக் கரைந்ததாகப் பார்த்து ஊற்றினார்.

சனிக்கிழமை மாலை. சாலையோரம் நின்று அப்பா கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது மாமா சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றினார்.

"இன்னா மாப்ள, ஊரெல்லாம் சுத்தித் தின்னுக்கினு கீறீங்க. எங்க வூட்டுச் சோறு மட்டும் கசக்குதா?"

அப்பா கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பதில் சொன்னா முத்து உதுந்துடுமா?"

அப்பா திரும்பி நடந்தார். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. "நாளைக்கி காலைல வாடா, கொல்லைக்கி போலாம்" என்றார்.

அந்த ஊரில் கொல்லை என்றால் வயல். மூங்கில்துறைப்பட்டு சாலையில் மாமாவுக்கு நான்கு காணி கரும்பு. ஆலைக் கரும்பு. வரப்போரம் மட்டும் ஒரு சால் செங்கரும்பு, பொங்கலுக்காக. தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுவரும்போது அந்தச் சாலிலிருந்துதான் ஒரு கட்டு சேலம் வரும். வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் பந்தயம். கத்தி கூடாது, கல் கூடாது. முழுக் கரும்பைப் பல்லாலேயே தோலுரித்து அடிவரை கடித்து முடிக்க வேண்டும். அப்பாதான் ஜெயிப்பார். தலைப்பொங்கலில் தொடங்கியது. அந்தப் பல் வரிசையைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினேன் என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள்.

ஞாயிறு காலை குறுக்குப் பாதையில் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நான் வழக்கம்போல எண்ணினேன். வரப்போரச் செங்கரும்பு எண்பத்து நான்கு.

"பதினாலு பொங்கலா தோத்துக்கினு வரேன்டா" என்றார் மாமா, ஒரு தோகையை உரித்தபடி. "இந்த வருசமாச்சும் ஜெயிச்சிடலாம்னு பாத்தா, மனுசன் கோவிச்சிக்கினு பூட்டாரு. இன்னாத்துக்குக் கோவம்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா? உப்பு ஜாஸ்தின்னா ஜாஸ்தின்னு சொல்லட்டும். நானே அந்தச் சமையக்காரன நாலு கேட்டுருப்பேன்."

சோடாக் கடையருகே நின்றவரைப் போலவே இவருக்கும் தெரியவில்லை, எப்படி முதல் அடி எடுத்து வைப்பதென்று. அப்போது எனக்கு அது புரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழே கால். லாட்ஜ் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை. மழை கழுவிய வானத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து வரிசை தெரியும்; ஐந்தாவது மலையா மேகமா என்பது சந்தேகம். கீழே தெருவில் ஒரு மலைக்கார அம்மாள் தலையில் கூடையோடு போனார். அப்பா என்னிடம் அவரைக் கூப்பிடச் சொன்னார். கூடை நிறைய சீத்தாப்பழம்.

"பஸ்ஸு இல்லியே, எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நடந்துதான். கோழி கூவ கெளம்புனா இந்நேரத்துக்கு வந்துரலாம்." கூடையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்ட அடச்சா ரோடு இருக்குறவங்களுக்குத்தான் கஷ்டம் சாமி. எங்களுக்கு ரோடு எப்ப இருந்திச்சி?"

ஆறு பழம் வாங்கினோம். மாடிச் சுவரோரம் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். விரல் பட்டால் பிளக்கும் பழுப்பு. வெள்ளைச் சதை, மணல் மணலாக இனிப்பு, அதன் மேல் மலைக் குளிர் இன்னும் போகாமல் இருந்தது. ஐந்து நாள் பாயாவும் கிழங்கும் தின்ற அப்பா குழந்தையைப் போல ஆகிவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார மறந்துவிட்டார். கொட்டைகளை அவர் துப்பத் துப்ப நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் பழத்தில் முப்பத்தெட்டு. இரண்டாவது பழத்தில் இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.

முப்பத்திரண்டாவதாக விழுந்தது கொட்டை அல்ல.

கறுத்த கொட்டைகளுக்கு நடுவே ரோஜா நிறத்தில் ஒரு சில்லு. அதில் மூன்று பல். நடுவில் ஒரு விரிசல்.

நான் எண்ணுவதை நிறுத்தினேன். அப்பா அதை எடுத்து, சொம்புத் தண்ணீரில் கழுவி, சட்டைப் பையிலிருந்த சின்னத் தகர டப்பாவில் வைத்தார். தலைவலித் தைலம் இருந்த டப்பா. கற்பூர வாசனை வந்தது. இடப்பக்கம் மேல் உதடு உள்ளே வாங்கி, ஒரே நிமிடத்தில் அவர் முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

"சொத்தைடா" என்றார். சகரம் காற்றாக வந்தது. "மூணும் பூட்டுது. சென்னைல கட்டனேன். காதுகுத்து அன்னிக்கி எலும்பக் கடிச்சதும் விரிசல் வுட்டுடிச்சி. பேசுறதுக்கு நிக்கும். மெல்ல முடியாது."

"மாமாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"அவன்கிட்டயா? பதினாலு வருசம் அவன ஜெயிச்சவன்டா நானு." டப்பாவை மூடினார். "சொல்லாத."

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்ட சொல்லவே சொல்லாத."

பத்தரை மணிக்கு அப்பா கீழே கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். சட்டை ஆணியில் தொங்கியது. நான் நல்ல பையன். அதுவரை எதையும் எடுத்ததில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். லாட்ஜிலிருந்து மாமா வீடு எழுநூற்றுப் பத்து அடி. அன்று மட்டும் எண்ணவில்லை.

மாமா கொல்லைக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை.

"எப்ப?"

"காதுகுத்து அன்னிக்கி ஒடஞ்சிதாம். அதான் எழுந்து போனாராம்."

அம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நல்லி எலும்பு" என்றாள். "அவருக்குப் புடிக்கும்னு சட்டியில துழாவி எடுத்து நாந்தான்டா எலையில வச்சேன். என் கையாலயே வச்சேன்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால் அழுகையும்தான்.

"இருவத்தெட்டு நாளு" என்றாள், இடையில் ஒரு நாளைத் தவறவிட்டு. இருபத்தொன்பது. நான் திருத்தவில்லை. "இத எடுத்த எடத்துல வச்சிடு. நானு பாத்தேன்னு சொல்லாத."

ஒரே காலையில் என்னிடம் இரண்டு பேர், இரண்டு 'சொல்லாத'. ஓடிப்போய் அப்பா தலை துவட்டி மேலே வருவதற்குள் டப்பாவைச் சட்டையில் போட்டேன்.

மத்தியானம் மாமா வந்ததும் அம்மா சொன்னாள்: "அண்ணா, நாளைக்கி மத்தியானம் அவர வரச் சொல்லி அனுப்பறேன். களி கிண்டறேன். கீரைக் கடைசல், கருவாட்டுக் கொழம்பு."

"களியா? மொறையா கூப்புட்ற அன்னிக்கி கறி இல்லாம, அரிசிச் சோறு இல்லாம, மாப்ளைக்கி களியா போடுவாங்க? ஊரு சிரிக்காதா?"

"ஊர்ல கறி எங்க கீது? அரிசியும் கால் மரக்கா கம்மியாதான் கீது. ரோட்ட தொறந்து ஆடு வர வரைக்கும் நானு இங்கியே குந்திக்கினு இருக்கணுமா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அம்மா அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அன்று மாலை பாய் கடைக்குப் போனோம். அடுப்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "ஆட்டுக்காலும் இல்ல, வெறகும் இல்ல சார். நாளைக்கி கடை கெடையாது" என்றார். ஒன்பது கடையில் மிச்சம் சைபர். அப்போதுதான் அப்பாவிடம் அம்மாவின் செய்தியைச் சொன்னேன்.

"களியா?" என்றார்.

"களிதான். கறி கெடையாது."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு ஐம்பதுக்கு அப்பா அந்த வாசற்படி ஏறினார். மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க மாப்ள" என்றார். குரலில் அந்த இரண்டடி இல்லை. கூடத்தில், இரண்டாவது தூணுக்குக் கீழே இலை. அம்மா சுடச்சுட ஒரு களி உருண்டையை வைத்தாள். நடுவில் விரலால் குழித்துக் குழம்பை ஊற்றினாள். அப்பா செம்பு நீரில் கையை நனைத்தார். ஒரு துண்டு பிட்டார், குழம்பில் தோய்த்தார், விழுங்கினார். பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

மாமா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா மாப்ள, மெல்லாமயே முழுங்கறீங்க?"

அம்மாதான் பதில் சொன்னாள். "நல்லா கீதே நாயம்! களிய யாராச்சும் மெல்லுவாங்களா? மென்னாதான் ஊரு சிரிக்கும்."

அத்தை சிரித்தாள். காது குத்திய சின்னப் பெண்ணும் சிரித்தாள். அப்பா தலை நிமிராமல் அம்மாவின் கால் விரல்களை ஒரு கணம் பார்த்தார். அவள் இன்னொரு உருண்டையை வைத்தாள். வழக்கமாக இரண்டுக்கு மேல் தாங்காதவர் அன்று மூன்று உருண்டை உண்டார்.

கை கழுவப் பின்கட்டுத் தொட்டிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. பதினோரு விநாடி அதிகம். தகர மூடி 'டக்'கென்று சத்தமிட்டது. நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார், ஓடுகளை எண்ணுகிறவர் போல.

அப்பா வந்து நின்றார். இப்போது உதடு நிரம்பி, பழைய முகம். "வாம்மா, போலாம்" என்றார் அம்மாவிடம்.

"எங்க போறது? ரோடெல்லாம் மரம்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்துவிட்டோம். வியாழக்கிழமை காலைதான் முதல் பேருந்து கிளம்பியது. மூன்று பேரும் அதில் ஏறினோம்.

அப்பா தீபாவளிக்கு முன்பே சேலத்தில் பல்லைப் புதிதாகக் கட்டிக்கொண்டார். அம்மாவிடம் சொன்னாரா என்று தெரியாது. தனக்குத் தெரியும் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. புதுப் பல் களிக்கும் சோற்றுக்கும் தாங்கும், கரும்புக்குத் தாங்காது. மார்கழி பிறந்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் குறைந்தது. எனக்குக் காரணம் தெரியும். பொங்கல் வருகிறது.

பொங்கலுக்கு முதல் நாள் மாமா சீரோடு வந்தார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புதுப் பானை, பூசணி. நான் எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்று குறைந்தது. கரும்புக் கட்டு இருந்த இடத்தில் ஒரு பால் கேன்.

"இந்த வருசம் செங்கரும்பு மொத்தமும் பூச்சி அடிச்சிட்டுது மாப்ள" என்றார் மாமா, அப்பா முகத்தைப் பார்க்காமல். "அதான் ஆலைக் கரும்ப ஆட்டி, இஞ்சி எலுமிச்ச போட்டு சாறா எடுத்தாந்துட்டேன். புளிக்கறதுக்குள்ள குடிங்க."

சீரில் கரும்பில்லாமல் தங்கை வீட்டுக்கு வருவது ஓர் அண்ணனுக்கு எத்தனை கேவலம் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டு அம்மாள் வாசலிலேயே கேட்டுவிட்டாள்: "கரும்புக்காரர் வீட்டுச் சீர்ல கரும்பக் காணோமே!" மாமா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அப்பா இரண்டு தம்ளர் சாறு குடித்தார். இரண்டாவது தம்ளரின் அடியில் அவர் ரொம்ப நேரம் எதையோ பார்த்தார்.

படைப்பதற்குக் கரும்பு வேண்டுமே என்றாள் அம்மா. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வாங்கி வந்து பானைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். மறுநாள் படைத்து முடித்ததும் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டார். "கடைக் கரும்புல பந்தயம் கட்டறது மரியாதையா மாப்ள?" என்றார். பந்தயம் அதோடு நின்றது. பிறகு எந்தப் பொங்கலிலும் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. இப்போது இருவருமே இல்லை.

காணும் பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சி போனபோது நான் தனியாக அந்த வரப்புக்குப் போனேன். செங்கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டிக் கறுத்துப் பளபளத்து நின்றது. ஒன்றில்கூடப் பூச்சி இல்லை. ஒன்றுகூட வெட்டப்படவில்லை, யாருக்குமே அனுப்பவில்லை போலிருக்கிறது. எண்ணினேன். எண்பத்து நான்கு.

பொங்கலுக்கு முதல் நாள் சேலம் கடைத்தெருவில் கரும்பு விற்ற அம்மாள் விலை சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்நாளில் கரும்பைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. பிறகு இடுப்புப் பையை அவிழ்த்தார், பேரம் பேசவில்லை.

ஒரு ஜோடி ஆறு ரூபாய்.